கடைசி வீட்டுக் குடம்

இருபத்தாறு வருஷம் இதய வைத்தியம் பார்த்தவர் செண்பகராமன். ஐம்பத்து மூன்று வயதில் மெஹருன்னிசாவிடம் சிஷ்யனாக வந்து சேர்ந்தார். உயிர் பிழைக்க வழியில்லாத நோயாளிகளின் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிப்பது அந்தம்மாவின் வைத்தியம். செண்பகராமனைவிடப் பத்து வயது இளையவர். குரு சிஷ்யனை 'சார்' என்று கூப்பிட்ட கூத்து ஆஸ்பத்திரி ஐசியூவில்தான் நடந்தது.

நாலாம் கட்டிலில் பூவலிங்கம், எழுபது வயது. நகராட்சியில் தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிட்டவர். இதயம் ஓய்ந்துவிட்டது. இன்றோ நாளையோ என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். செயற்கை மூச்சு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மூச்சிரைப்பு மருந்தில் அடங்கியிருந்தது. பாழாய்ப்போன தாகம்தான் அடங்கவில்லை.

தலைமாட்டில் செண்பகராமன் எழுதிய அட்டை தொங்கியது: 'ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி மட்டும்.' அன்றைய தண்ணீர் காலை பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டது.

பூவலிங்கத்தின் மனைவி காந்திமதி செண்பகராமனை வழிமறித்தாள்.

"ஊருக்கே தண்ணி விட்ட மனுஷன் டாக்டர். தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காத பாவியா என்னை ஆக்கிடாதீங்க."

செண்பகராமன் நேரே குருவிடம் போனார்.

"தண்ணி குடுத்தா நுரையீரல்ல கோத்துக்கும் மேடம். என்ன பண்றது?"

"குடுக்காட்டி பிழைச்சுக்குவாரா?"

"இல்ல."

"அப்ப அந்த அட்டை யாருக்கு சார்?"



மெஹருன்னிசா வந்து அட்டையைக் கழற்றினார். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். காந்திமதியின் பையிலிருந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்து, செண்பகராமன் கையில் கொடுத்தார்.

"நீங்களே குடுங்க சார்."

செண்பகராமன் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார். பூவலிங்கம் வாயைத் திறக்கவில்லை.

"தம்பி... நீங்க குடிச்சீங்களா?"

"நான் அப்புறம் குடிச்சுக்கிறேன் ஐயா."

"உதடு காஞ்சு கெடக்கு. குடிங்க."

காந்திமதி அழுதுகொண்டே சிரித்தாள். "அவரு குணம் அது, டாக்டர். வால்வைத் திறந்துட்டு சைக்கிள்ல கடைசித் தெரு வரைக்கும் போவாரு. கடைசி வீட்டுக் குடம் நிறையாம இவரு வாயில ஒரு சொட்டுப் படாது."

செண்பகராமன் யோசித்துப் பார்த்தார். விடிந்ததிலிருந்து அவர் தண்ணீரே குடித்திருக்கவில்லை. அதை யாரும் கேட்டதுமில்லை. அம்மாடி, சாகக் கிடக்கிற மனுஷனல்லவா கேட்கிறார்!

நர்ஸ் இன்னொரு டம்ளர் கொண்டுவந்தாள். செண்பகராமன் மடமடவென்று குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பூவலிங்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

நாலே வாய். "அப்பாடா" என்றார்.

மாலை நாலு மணிக்கு, காந்திமதியின் கை நெஞ்சின் மேலிருக்க, அடங்கிப்போனார்.

வராந்தாவில் செண்பகராமன் கேட்டார்:

"அவருக்கு நான் என்ன மேடம் பெருசா பண்ணிட்டேன்? ஒரு டம்ளர் தண்ணி. அவ்வளவுதானே?"

மெஹருன்னிசா கையிலிருந்த அட்டையை இரண்டாக மடித்தார்.

"நீங்க எங்க சார் பண்ணீங்க? திறந்துவிட்டது அவரு. கடைசி வீடு நீங்க."