கிளிமூக்குச் சீவல்

அம்பலவாணன் ஓய்வுபெற்ற சார்பதிவாளர். அறுபதாவது வயதில், தூத்துக்குடியில் கிடார் பழுதுபார்க்கும் ஃப்ளோரின் மச்சாதுவிடம் சிஷ்யராகச் சேர்ந்தார். குருவுக்கு இப்போது வயது முப்பத்து நான்கு. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அந்த ஊர்க் கப்பல்காரர்கள் ஒரு காலத்தில் கோபேயிலும் யோகோஹாமாவிலும் கிடார் வாங்கி வந்திருந்தார்கள். அவை எந்தப் பட்டறையில் பிறந்தவை என்று தேடுவதுதான் அண்ணாச்சிக்குப் பித்து. முப்பத்து மூன்று வருடம் நிலங்களுக்கு மூலப்பத்திரம் தேடியவருக்குக் கிடார் எம்மாத்திரம்.

ஒருநாள் காலை அவர் கடைக்கு வந்த வேகத்தில், ஸ்டாண்டு போடாத சைக்கிள் வாசலிலேயே சாய்ந்தது.

"டீச்சர், ஒரு சாட்சிக் கையெழுத்து. ரெண்டு மணிக்குள்ள பதிவுத் தபால்ல சேர்க்கணும்."

"யாரு வீட்டை விக்கிதீய?"

"விக்கல. ஒரு மனுசனைப் பதியப் போறேன்."

ஜப்பானில் பழைய கிடார்களுக்கென்று பதிவேடு வைத்திருக்கும் சங்கம் ஒன்று உண்டாம். வருடத்துக்கு ஒரு தடவைதான் புதுக் கைவினைஞர்களை அதில் ஏற்றுவார்களாம். கண்டுபிடித்தவர் பெயரும் பக்கத்திலேயே அச்சாகுமாம். இதைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. லட்சம் பத்திரங்களில் கையெழுத்துப் போட்ட அந்த மனிதர் இன்றுவரை வாடகை வீட்டில் இருக்கிறார். எந்தப் பத்திரத்திலும் அவர் வாங்கினவரும் இல்லை, விற்றவரும் இல்லை.

"இத்தனை நாளா எங்கிட்ட மூச்சு விடலையே."

"பதிவாகுற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாது டீச்சர். தொழில் தர்மம்."

தமிழ் நகலை நீட்டினார். அவள் வாய்விட்டுப் படித்தாள். படிக்கும்போது அண்ணாச்சியின் ஆபீஸ் குரல் அவளுக்குத் தானாகவே வந்துவிட்டது.

"மேற்படி மூன்று கிடார்களிலும் மூன்று வேறு கம்பெனிச் சீட்டுகள் ஒட்டப்பட்டிருப்பினும், மூன்றின் உட்புறமும் ஒரே நபரால் வேலை செய்யப்பட்டது என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்."

"அந்தக் காலத்துல ஒரே பட்டறை பத்துக் கம்பெனிக்குச் செஞ்சு குடுக்கும்" என்றார். "ஒரே மனைக்கு மூணு பட்டா மாதிரி. உள்ள குத்துன முத்திரை என்னன்னு பாத்தீங்களா? நாப்பத்தொம்பது. மத்தவன்னா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தொம்பதுன்னு எழுதியிருப்பான். அது அவங்க ராசா பட்டத்துக்கு வந்த வருசக் கணக்கு. இருபத்தஞ்சு கூட்டணும். எழுபத்தி நாலு."

"சரி. ஒரே ஆளுன்னு எப்படிச் சொல்லுதீய?"

அதற்குத்தான் காத்திருந்தார். நோட்டைப் பிரித்தார். கிடாரின் மேற்பலகைக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் மெல்லிய கட்டைகளின் முனை. ஒவ்வொரு முனையிலும் இடப்பக்கம் சாய்ந்த வளைவான சீவல். பக்கம் பக்கமாக அதையே வரைந்திருந்தார். நானூறு படமாவது இருக்கும்.

"கிளிமூக்குன்னு பேரு வச்சிருக்கேன். வேற எந்த ஜப்பான் கிடார்லயும் இது கிடையாது. வலது கைக்காரனுக்கு இந்தச் சாய்வு வராது. அவர் இடதுகைக்காரர்."

ஃப்ளோரின் படங்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த ஒரு கிடாரைத் தூக்கி மடியில் வைத்தாள். கல்கத்தாவில் செய்த சாதா கிடார். ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு உரியது.

"உங்க கைக்கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ள விட்டுப் பாருங்க."

பார்த்தார்.

"டீச்சர். கிளிமூக்கு."

"ஆமா."

"இதுலயும் இருக்கு. அப்போ அவர் கல்கத்தாவுக்கு வந்திருக்கார். பட்டறையில சண்டை போட்டிருப்பார். இல்ல, கல்யாணம். ஒரு வங்காளப் பொண்ணைக் கட்டிக்கிட்டு…"

"பிள்ளைங்க எத்தனைன்னும் சொல்லிருங்க."

"டீச்சர், விளையாடாதீங்க. இது பெரிய விசயம். கப்பல் ஏறுன தேதியைப் புடிச்சிட்டா போதும்."

அவள் மேசையிலிருந்து ஒரு கட்டையை எடுத்தாள். தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். வலது கையில் உளி. இரண்டு தடவை இழுத்தாள். சுருள் ஒன்று அவர் செருப்பில் விழுந்தது.

கட்டையை அவர் முன் வைத்தாள்.

கிளிமூக்கு.

அம்பலவாணன் கட்டையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார்.

"நீங்க வலது கைக்காரியாச்சே."

"கட்டையைத் திருப்பி வச்சா தீந்துச்சு."

"அந்த மூணு கிடாரும்…"

"எல்லாம் இந்த மேசைக்கு வந்து போனதுதான். கட்டை விட்டுப்போயி வந்துச்சு. புதுசு வெட்டி ஒட்டுனேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்போ ஜப்பான்காரர்னு ஒருத்தர் இல்லவே இல்லையா?"

"இருந்தாரு. அந்த மூணுல ஒண்ணுல, கப்பல்கார மிசியேர் மாமா வீட்டுக் கிடார்ல. நான் முதமுதல்ல திறந்த கிடார் அதான், பத்தொம்பது வயசுல. ரெண்டு கட்டையில அந்தச் சீவல் இருந்துச்சு. நல்லா புடிச்சு நின்னுச்சு. அதைப் பாத்துதான் மூணாவதை வெட்டுனேன். பொறவு கை அப்படியே பழகிட்டு."

அம்பலவாணன் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். பிழையான பத்திரம் எதுவும் அவர் கையைத் தாண்டிப் போனதில்லை. 'மூன்று கிடார்கள்' என்பதை அடித்து 'ஒன்று' என்று எழுதினார். 'இடதுகைக்காரர்' என்பதை அடித்தார். 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் பேனா நின்றது. பதினைந்து வருடம் முன்பே அதைப் பார்த்தவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். தன் பெயரையும் அடித்தார். சுருக்கொப்பம் வைத்தார்.

பேனாவை மூடினார்.

"என்ன அண்ணாச்சி, பொசுக்குன்னு உக்காந்துட்டீய? சாயங்காலத்துக்குள்ள இன்னொரு கட்டை வேணும். வெட்டுங்க."

இரண்டு வருடமாக அவர் உப்புத்தாள் தேய்த்திருக்கிறார், பசை காய்ச்சியிருக்கிறார். உளியைத் தொட அவள் விட்டதில்லை.

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

கட்டையைத் திருப்பிப் பிடித்தார். உளியை வைத்தார். அளவு பார்க்க நோட்டைத் தேடவில்லை. நானூறு தடவை வரைந்த கை. முதல் இழுப்பில் மரம் கொஞ்சம் முறுக்கியது. இரண்டாவது இழுப்பில் விட்டுக்கொடுத்தது. இடப்பக்கம் சாய்ந்து, வளைந்து, மூக்கு வந்து நின்றது.

அம்பலவாணன் விரலால் அதைத் தடவினார். டார்ச் அடித்துப் பார்த்தார். பட்டப்பகல் என்பது பிறகுதான் உறைத்தது.

ஃப்ளோரின் அதை வாங்கி ஓரக்கண்ணால் பார்த்தாள். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. பசையைத் தடவிக் கல்கத்தா கிடாருக்குள் வைத்து அழுத்தினாள்.

"டீச்சர், மணி ஒண்ணரை" என்றார் அவர், இடது கையால் படிவத்தை இழுத்தபடி. "ஒரு கிடாரை வச்சு ஏத்துவாங்களோ மாட்டாங்களோ, உள்ளதை உள்ளபடி அனுப்பிருவோம். ஒரு கேள்விதான் பாக்கி."

"என்ன?"

"'இந்தக் கை கடைசியாக வேலை செய்த இடம்.' ஜப்பான், விவரம் தெரியவில்லைன்னு போட்டிருந்தேன். இப்ப என்ன எழுதட்டும்?"

அவள் கிடாரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இந்த மேசைன்னுதான். உளியைக் கீழ வச்சிட்டு எழுதுங்க, அண்ணாச்சி."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். உளியைக் கீழே வைக்கவில்லை.