ஆளவந்தாருக்கு ஓர் உபயம்

உங்களைச் சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் உடனே இல்லை. முதலில் மண்டபத்து முதலாளி ஆளவந்தாரின் குரலைப் பழகிக்கொள்ளுங்கள். வாயில் முழு லட்டை அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். ம்ம், அதேதான்!

எங்கள் ஊர்க் கோயில் ஃபேன், பஸ் ஸ்டாப் பெஞ்சு எல்லாவற்றிலும் சிவப்பு எழுத்தில் ‘உபயம்: ஆளவந்தார்’ என்றிருக்கும். அவர் தன் புதுக் கல்யாண மண்டப வாசலில் மாட்டத் தன்னையே ஆளுயரத்துக்கு வரையச் சொல்லி மரகதத்தைக் கூப்பிட்டார். மரகதம் அப்போதுதான் ‘ஓவியர்’ என்று போர்டு மாட்டியிருந்தாள். முதல் படத்தையே ஓசியில் கொடுத்தால் ஊரே ஓசியில் கேட்கும். போர்டைக் கழற்ற வேண்டியதுதான்.

“கூலியா? உனக்கு இது விளம்பரம்மா! ஊரே உன் பேரைப் பார்க்கும்!”

“அப்ப இது நான் உங்களுக்குச் சும்மா கொடுக்கிறதுங்களா ஐயா?”

“ஆமா!”

“பேரைப் பெரிசாப் போட்டுக்கலாமா?”

“தாராளமா!”

திறப்பு விழாவில் திரை விலகியது. படம் அச்சு அசல். ஆளவந்தார் படத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார்.

முன்வரிசை அம்மாள் உச்சுக்கொட்டினாள். “பாவம், மண்டபம் கட்டியே நொடிச்சிட்டார் போல.”

அரிசிக்கடைக்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் கண்கலங்கினார். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே வசூல் பண்ணிக் கொடுத்திருப்போமேண்ணே!”

“எதுக்குய்யா வசூல்?”

கடைக்காரர் படத்தின் அடியைக் காட்டினார். அங்கே சிவப்பு எழுத்தில், முழங்கால் உயரத்துக்கு: ‘உபயம்: ஓவியர் மரகதம்.’

ஆளவந்தார் படித்தார். முகம் அந்த எழுத்தின் நிறத்துக்கே வந்தது. பாய்ந்துபோய் மைக்கைப் பிடுங்கினார்.

“மரகதம்! உன் கூலி எவ்வளவும்மா? இந்த மைக்லயே சத்தமாச் சொல்லு!”