மூணாவது பிரிவுல கெடந்த பச்சை

ஒரு ஊர்ல கொளஞ்சின்னு ஒருத்தன் இருந்தான். அவனுக்கு மங்காத்தான்னு ஒரு பொண்டாட்டி. அவன் அவளை உசுரோட கடைசியாப் பாத்தது ஏரிக்கரை மேல, ஒரு மார்கழி மாசத்துக் காலையில. பிசுபிசுன்னு தூத்தல். அவ கோணிச்சாக்கை மடிச்சுத் தலையில கவுத்துக்கிட்டு முன்னால போயிட்டிருந்தா. இவன் எருமையை மேட்டுல கட்டுறதுக்கு முளைக்குச்சிய மண்ணுல அடிச்சிட்டிருந்தான். அவ நின்னு திரும்பிப் பாத்தா.

"எருமையக் கட்டிட்டு வரப்போறியா, இல்ல அதுகூடவே நிக்கப்போறியா?"

"போ புள்ள, இதோ வந்துட்டேன்."

"வந்தா மட்டும் போதாது. அந்த மூணாவது பிரிவுல நாலு நாளாக் கெடக்குற பச்சைய இன்னிக்காவது எடுத்துப் போட்டுட்டு வா."

"எடுக்கறேன், எடுக்கறேன்."

"இதைத்தான் நேத்தும் சொன்ன"ன்னுட்டு அவ கரையை விட்டு எறங்கி, சோளக்காட்டு வரப்புல நடந்தா. சோளத்தட்டை அவ உசரத்துக்கு மேல. சாக்கோட முனை மட்டும் கொஞ்ச தூரம் ஆடி ஆடித் தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் தெரியல.

கேக்குறியா கண்ணு?

"ம்."

எங்க போனாங்கன்னா, மலையடிவாரத்துக் காட்டுக்கு. கடுக்காய் பொறுக்க. அந்தச் சமயத்துலதான் கடுக்காய் மரத்துல இருந்து டொப்பு டொப்புன்னு விழும். விடிஞ்சதும் போயிடணும். இல்லன்னா மானு வந்து தின்னுப்புடும். அதனால அவ முன்னால ஓடிருவா. கொளஞ்சி எருமை வேலைய முடிச்சுட்டுப் பின்னால போவான். ஆனா ரொம்பப் பின்னால போகக் கூடாது. ஏன்னா, மங்காத்தாளுக்குச் சின்னப்புள்ளையில இருந்தே வலிப்பு. எப்ப வரும்னு சொல்ல முடியாது. ரெண்டு மாசம் வராம இருக்கும், அப்புறம் ஒரே வாரத்துல ரெண்டு தடவை வரும். வந்துச்சுன்னா பக்கத்துல ஆள் இருந்து ஒருக்களிச்சுப் படுக்க வச்சாப் போதும். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு, முந்தானைய உதறிக்கிட்டு, "என்னய்யா உத்துப் பாக்குற, நடய்யா"ம்பா.

கல்யாணத்தன்னிக்கே அவ அம்மா கொளஞ்சியத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னா. "வேற ஒன்னும் கேக்கல மாப்ள. எட்டுற தூரத்துல வச்சுக்க." அவனும் பதினாறு வருஷமா அப்படித்தான் வச்சிருந்தான்.

அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, சோளக்காட்டுக்கு நடுவுல ஒரு பரண். அது மேல அய்யாக்கண்ணு உக்காந்து கிளி வெரட்டிட்டிருந்தான். தகரத்தை டமடம டமடமன்னு தட்டுவான், கிளியெல்லாம் கீ கீன்னு எந்திரிச்சு ஒரு சுத்து சுத்திட்டு அங்கயே வந்து உக்காரும். கொளஞ்சிகிட்ட பீடி இருந்துச்சு, தீப்பெட்டி நமுத்துப் போச்சு.

"அய்யாக்கண்ணு, நெருப்பு இருக்கா?"

"இருக்கு மாமா. ஏறி வா, நனையாம ஒன்னு இழுத்துட்டுப் போ."

"உங்க அத்தை முன்னால போயிட்டாப்பா."

"நீ அத்தைக்கு வாலுன்னு ஊருக்கே தெரியும். ஒரு நாளைக்கு வால் கொஞ்சம் நீளமா இருந்துட்டுப் போகட்டுமே."

கொளஞ்சி சிரிச்சான். ஏறினான். ஒரு பீடி ரெண்டாச்சு. அப்புறம் எறங்கி வேகமா நடந்தான். சோளக்காடு முடிஞ்சு கள்ளிவேலி, வேலி தாண்டிக் கரம்பு, கரம்பு தாண்டி ஒத்தையடிப்பாதை. காட்டுக்குள்ள போனதும் வெளிச்சம் பாதியாக் கொறைஞ்சிருச்சு. மரத்துக்கு மேல விழுந்த மழை மெதுவா, சொட்டு சொட்டா, அவன் கழுத்துல எறங்குச்சு.

அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காட்டுல வழி ரெண்டாப் பிரியிற எடத்துல, முன்னால போறவங்க ஒரு பச்சைக் கொப்பை ஒடிச்சு, தான் போகாத வழிக்குக் குறுக்கப் போட்டு, மேல ஒரு கல்லை வச்சுட்டுப் போவாங்க. பச்சை கெடக்கா, அந்த வழி அடைச்சாச்சு, இன்னொரு வழியில வான்னு அர்த்தம். பின்னால கடைசியா வர்றவன் அதை எடுத்துத் தூர எறிஞ்சுட்டுத்தான் போகணும். எடுக்காமப் போனா, நாளைக்கு வர்றவனுக்குப் பொய் சொன்ன மாதிரி. முன்னால போறவங்க பழைய பச்சையத் தொடக் கூடாது. அது யாருக்குப் போட்டதோ, அந்த ஆள் இன்னும் வந்துட்டிருக்கலாம் இல்லையா?

"ம்."

அப்போ கொளஞ்சி மொதல் பிரிவுக்கு வந்தான். சோத்தாங்கைப் பக்கம் பச்சை கெடந்துச்சு. குனிஞ்சு எடுத்து எறிஞ்சுட்டு, பீச்சாங்கைப் பக்கம் போனான்.

அப்புறம் ரெண்டாவது பிரிவு. ஓடைக்கரை. தண்ணி சோன்னு போகுது. பீச்சாங்கைப் பக்கம் பச்சை. எடுத்து ஓடையில விட்டுட்டு, சோத்தாங்கைப் பக்கம் போனான். சரியாத்தான் வர்றோம், அவ கொஞ்சம் முன்னாலதான் இருப்பான்னு நெனச்சுக்கிட்டான்.

அப்புறம் மூணாவது பிரிவு.

அந்த எடம் ஏத்தம். மூச்சு வாங்கும். நாலு நாளா அங்க வந்ததும் நின்னு பீடி பத்த வைப்பான். பத்த வச்சதும் பச்சைய மறந்துருவான். மறந்தாலும் பரவாயில்லாம இருந்துச்சு, ஏன்னா அந்த நாலு நாளும் அவளோட சாக்கு கண்ணுக்கு முன்னால தெரியும். அவ பாட்டுக்கு ஒரு நாள் இந்தப் பக்கம் போவா, ஒரு நாள் அந்தப் பக்கம் போவா, தெனமும் ஒழுங்காப் புதுப் பச்சை போட்டுட்டுப் போவா. இவன் எடுக்கவே இல்ல.

இப்போ ரெண்டு வழிக்கும் குறுக்கப் பச்சை கெடக்குது. ரெண்டும் அடைச்சிருக்கு.

கொளஞ்சி நின்னான். கீழ பாத்தா காலடி தெரியணுமே, பாறை. குனிஞ்சு கொப்பைத் தொட்டுப் பாத்தான். வாடினது பழசு, வாடாதது புதுசுன்னு பாக்கலாம்னா, தூத்தல்ல ஒன்னுகூட வாடல. அவ எப்பவும் பாலை மரத்துக் கொப்பைத்தான் ஒடிப்பா. ஒடிச்ச எடத்துல பால் வடிஞ்சா அது இன்னிக்கு ஒடிச்சது. அதையும் மழை கழுவிருச்சு.

அப்போ அவன் கூப்பிட்டான். "மங்காத்தா..."

சோன்னு ஓடைச் சத்தம்.

"ஏ புள்ள, எந்தப் பக்கம் போன?"

சோன்னு ஓடைச் சத்தம்.

மூணாவது தடவை கூப்பிடாம, ரெண்டு வழியையும் மாறி மாறிப் பாத்தான். பீச்சாங்கைப் பக்கத்து மரத்துலதான் நேத்து காய் நெறைய மிச்சம் இருந்துச்சு, அதுக்குத்தான் போயிருப்பான்னு அந்த வழியில ஏறினான். விறுவிறுன்னு ஏறினான். முள்ளு கிழிச்சதைக்கூடப் பாக்கல. மரத்தடிக்குப் போயிச் சேந்து பாத்தா, தரையெல்லாம் கடுக்காய். ஒன்னுகூடப் பொறுக்கல. அவன் பாக்கப் பாக்க இன்னொன்னு டொப்புன்னு விழுந்துச்சு.

திரும்பி ஓடினான். வழுக்கி விழுந்தான், எந்திரிச்சு ஓடினான். மூணாவது பிரிவுக்கு வந்து, பச்சையத் தாண்டிக் குதிச்சு, சோத்தாங்கைப் பக்கம் ஓடினான். அங்கயும் ஒரு கடுக்காய் மரம் இருக்கு. அதுக்குக் கீழ ஒரு ஊத்து இருக்கு.

மரத்தடியில பாதி ரொம்பின சாக்கு நின்னுது. அவ ஊத்தோரத்துல குப்புறக் கெடந்தா. தண்ணி குடிக்கக் குனிஞ்சிருப்பா போல, அப்போ வந்திருக்கு. தண்ணி ஒரு சாணு ஆழம்கூட இல்ல.

கொளஞ்சி அவளைப் புரட்டி, ஒருக்களிச்சுப் படுக்க வச்சான். எப்பவும் பண்ற மாதிரியே பண்ணினான். முதுகைத் தடவினான். "எந்திரி புள்ள, நேரமாச்சு"ன்னான். கையைப் புடிச்சான். கை இன்னும் சூடாத்தான் இருந்துச்சு.

என்ன கண்ணு, தூங்கிட்டியா?

"இல்ல. அவ எந்திரிச்சாளா?"

எந்திரிக்கல. அவன் ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். சூடு அவன் கைக்குள்ளயே கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சுது. அப்புறம் சாக்குல இருந்த காயைக் கொட்டிட்டு, வெறுஞ்சாக்கைக் கையில எடுத்து, அவளைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு எறங்கினான்.

மூணாவது பிரிவு வந்ததும், சாக்கை விரிச்சு அவளை அது மேல கெடத்தினான். கெடத்திட்டுப் பச்சைய எடுத்தான். கல்லைத் தள்ளி, ஒவ்வொரு கொப்பா எடுத்து, பள்ளத்துல எறிஞ்சான். பீச்சாங்கைப் பக்கம் மூணு, சோத்தாங்கைப் பக்கம் ரெண்டு. எல்லாத்தையும் எடுத்ததுக்கப்புறம் அவகிட்ட வந்து, "எடுத்துட்டேன்"னு சொன்னான். திரும்பவும் தூக்கிக்கிட்டான்.

சோளக்காட்டுப் பக்கம் வந்தப்போ அய்யாக்கண்ணு பரண் மேல இருந்து பாத்துட்டான். தகரத்தைக் கீழ போட்டுட்டு ஓடியாந்தான். "என்ன மாமா, அத்தைக்கு வந்துருச்சா? எறக்கு, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கலாம்"னான்.

"வச்சுப் பாத்துட்டேன் அய்யாக்கண்ணு."

அய்யாக்கண்ணு கால் பக்கம் புடிச்சுக்கிட்டான். ரெண்டு பேரும் வரப்புல ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஊருக்கு நடந்தாங்க. கிளி வந்து சோளத்துல உக்காந்துச்சு. வெரட்ட ஆள் இல்ல.

அப்புறம் அவ அம்மா வந்தா. கொளஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை திட்டல. திட்டுவான்னு அவன் மூணு நாளு காத்துக்கிட்டு இருந்தான். மூணாம் நாளு கெளம்புறப்போ, "சாப்புடு மாப்ள"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா.

இவ்வளவுதான் கண்ணு. சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு, நீ போர்வைய இழுத்து மூடிக்க.

"கொளஞ்சி அப்புறம் காட்டுக்குப் போனானா?"

போனான். ஆனா சோத்தாங்கைப் பக்கம் போகல. ஊர்க்காரங்களும் போகல. ஆள் நடக்காத வழிய உண்ணிமுள்ளு ரெண்டே மழையில மூடிரும்.

"அப்ப மூணாவது பிரிவு?"

பிரிவு இல்ல. இப்ப அங்க ஒரே வழிதான் இருக்கு.