கடைசிக் கலத்தின் வேகம்

"தோழர், அளத்து வாசல்ல இருக்கிற சங்கக் கொடிக்கம்பத்தை நாங்களே கழட்டிரலாமா?" என்று கேட்டார் மாசிலாமணி.

அமலி நிமிர்ந்து பார்க்கவில்லை. வீடியோ கேம்ஸ் கடையின் மூலையில், ஓர் இயந்திரத்தின் பின்பலகையைத் திறந்துவைத்து, அறுந்த கம்பி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

உப்பளத் தொழிலாளர்களுக்கு ஒரு காலத்தில் அரசியல் வகுப்பு எடுத்தவர் அமலி. மாசிலாமணியைவிட வயதில் சின்னவர். கூட வகுப்பெடுத்த மற்றவர்கள் கட்சிப் பதவிக்குப் போனார்கள். அமலி கடை வைத்தார்.

"எதுக்குக் கழட்டணும் அண்ணாச்சி?"

"சங்கத்துல மூணு பேர்தான் மிச்சம். நான், பேச்சித்தாய், சூசை. இன்னைக்குச் சாயங்காலம் உப்பு லாரி கிளம்புறதுக்குள்ள கம்பத்தை எடுத்துட்டா எங்களுக்கு வேலை உண்டுன்னு முதலாளி சொல்லிட்டாரு. எடுக்கலைன்னா நாளைக்கு அளத்துல கால் வைக்க முடியாது."

"மத்தவங்க எங்க?"

"முதலாளியோட நலச் சங்கத்துல. தீபாவளிக்கு வேட்டி குடுக்காங்கள்லா."

முந்நூறு பேர் கோஷம் போட்ட சங்கம் மாசிலாமணியுடையது. கோஷத்துக்குக் கூலி கிடையாது என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

அமலி பக்கத்து இயந்திரத்தைக் காட்டினார்.

"உக்காருங்க. ஒரு ஆட்டம் ஆடுங்க."

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதீங்க?"

"உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார். திரையின் மேலே எதிரிகளின் விண்கலங்கள் வரிசை வரிசையாக நின்றன. கீழே ஒற்றைப் பீரங்கி.

மாசிலாமணி சிரித்தார்.

"இதுவா? இதே ஆட்டம் என் மச்சான் வீட்டு டிவில இருக்கு. கேசட் போட்டு ஆடுவோம். நான் தோத்ததே இல்லை."

தன் முறைக்காகக் காத்திருந்த ஐஸ் வண்டிக்காரர் சேவியர் அருகில் வந்து நின்றார். "அப்போ பாத்துருவோம்."

கலங்கள் ஒன்றாக அசைந்து, ஒன்றாக இறங்கின. மெதுவாகத்தான் இறங்கின. மாசிலாமணி நன்றாகவே சுட்டார். ஒரு வரிசை போயிற்று. அடுத்த வரிசையும் போயிற்று. முடிவில் ஒரே ஒரு கலம் நின்றது.

மாசிலாமணி பீரங்கியை நகர்த்தும் பிடியிலிருந்து கையை எடுத்து விரல்களை உதறிக்கொண்டார். மச்சான் வீட்டில் அது அவர் பழக்கம். கடைசி ஒன்றை விட்டுவைத்துத் தண்ணீர்கூடக் குடிப்பார்.

அந்தக் கலம் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பாய்ந்தது. திரும்பியது. மறுபடி பாய்ந்தது. அவர் கை பிடிக்குப் போவதற்குள் குண்டு விழுந்தது.

பீரங்கி சிதறியது.

"என்ன அநியாயம் இது!"

"இது உங்க மச்சான் வீடு இல்லல்லா அண்ணாச்சி," என்றார் சேவியர்.

மாசிலாமணி அமலியிடம் திரும்பினார். "இவ்வளவு நேரம் ஊர்ந்துக்கிட்டு இருந்தவன்தானே தோழர்? தனியாளா ஆனதும் ஏன் இப்படிப் பறக்கான்?"

"முதல்லயும் அவனால முடியும். ஆனா பொட்டிக்குள்ள இருக்கிற மூளை ஒரு நேரத்துல ஒருத்தனைத்தான் நகர்த்தும். கூட்டம் பெருசா இருந்தா ஒருத்தனுக்கு முறை வர நேரமாகும். ஒருத்தன் மட்டும் மிஞ்சினா, எப்பவும் அவன் முறைதான்."

"மச்சான் வீட்டுல அப்படி வரலையே?"

"வீட்டுக்கு விக்கும்போது மாத்திட்டாங்க. எத்தனை பேர் மிஞ்சினாலும் ஒரே வேகம். சோபாவுல உக்காந்து ஆடுறவங்க பயப்படக் கூடாதுல்லா."

மாசிலாமணி திரையில் அந்த ஒற்றைக் கலத்தைக் காட்டினார்.

"தனியா நிக்கவன் எப்பவும் ஜெயிப்பானா?"

"இல்லை. நிறைய தடவை செத்துருவான். ஆனா சுடுறவனுக்குக் கை நடுங்கும்."

அமலி மறுபடி கம்பியைக் கையில் எடுத்தார். "முந்தி ஒரு லாரியை மறிக்கணும்னா நம்ம சங்கத்துல எவ்வளவு நாளாகும்?"

"அதை ஏன் கேக்கீங்க! கிளைக் கமிட்டி கூடணும். மாவட்டத்துக்கு எழுதணும். தலைவர்கிட்ட தேதி வாங்கணும். அவர் வர்றதுக்குள்ள மழை வந்து உப்பே கரைஞ்சிரும்."

"இப்ப?"

"இப்ப என்ன, பேச்சித்தாய் அளத்து வாசல்லதான் நிக்கா. சூசை எதிர்த்த டீக்கடையில..."

மாசிலாமணி சட்டென்று எழுந்தார். "லாரி கிளம்ப இன்னும் நேரம் இருக்கு தோழர்!"

திரையில் புதிய பீரங்கி வந்து நின்றது. இயந்திரம் கீச்சிட்டது. பிடியைத் தொட ஆள் இல்லை.

சேவியர் வாசலுக்கு ஓடிவந்து கத்தினார். "அண்ணாச்சி! ஆட்டம் இன்னும் மிச்சம் இருக்கு!"

"நீயே ஆடுடே!" என்ற குரல் தெருமுனையிலிருந்து வந்தது.