இறகுக் கதவு

எலி குறைந்த வருடத்தில் வாத்துக்குஞ்சும் ஏன் குறைகிறது, தெரியுமா? வடக்குக் கோடியில், மரமே முளைக்காத பனிச் சமவெளியில், கோடைதோறும் ஆட்கள் போய் வாத்துக் கூடு, நரிப் பொந்து, எலி வளை எல்லாவற்றையும் கண்காணித்துவிட்டு வருகிறார்கள். எலி பெருகினால் குஞ்சும் பெருகுகிறதாம். எலி போனால் குஞ்சும் போகிறதாம். புல் மேய்கிற வாத்துக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருந்தது. கேளுங்கள்.

அந்தக் காலத்தில் வாத்துக்கும் எலிக்கும் நரிக்கும் ஒரே பேச்சுதான். கருங்கழுத்தி என்ற வாத்து கோடை பிறந்ததும் தெற்கிலிருந்து பறந்து வந்து ஒரு மண்மேட்டில் கூடு கட்டுவாள். அதே மேட்டுக்குள் குட்டைவாலி என்ற பனி எலி வருடம் முழுக்கக் குடியிருந்தாள். மேல்வீடும் கீழ்வீடும் மாதிரி.

வாத்து மேயப் போனால் எலிதான் காவல். நரி நடந்து வரும் அதிர்வு மண்ணுக்குள் முதலில் கேட்டுவிடும். உடனே கீச்சென்று கத்துவாள். வாத்து பறந்து வந்து முட்டைமேல் உட்கார்ந்து, சிறகை விரித்துச் சீறுவாள். பதிலுக்கு வாத்து தன் மார்பில் பிடுங்கிய இறகுப்பஞ்சால் எலியின் வாசலை அடைத்து வைப்பாள். நரி வந்து மோந்தாலும் வாத்து வாடைதான் அடிக்கும். உள்ளே எலி இருப்பதே தெரியாது.

"என்னக்கா, மறுபடியும் வயிறா? இப்போதுதானே பெற்றீர்கள்?" என்று வாத்து சீண்டுவாள்.

"போடி. வருடத்துக்கு ஒரு தடவை நாலு முட்டை இட்டுவிட்டு நீ ஊரையே கூட்டுகிறாய். நான் சத்தமில்லாமல் வீடு நிறையப் பெற்று வைத்திருக்கிறேன்."

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு கோடையில் குளிர் விடவே இல்லை. எலி கத்தினாள், வாத்து ஓடி வந்து உட்கார்ந்தாள், நரியும் வந்தாள். ஆனால் நரி திரும்பிப் போகவில்லை. விலா எலும்பு தெரிய எதிரிலேயே படுத்துக்கொண்டாள்.

"சீறு, நன்றாகச் சீறு. பசித்தால் எழுந்துதானே ஆக வேண்டும்?"

"வேறு இடம் பார், நரி."

"வேறு என்ன இருக்கிறது இங்கே? எனக்குப் பால் வற்றிவிட்டது. குட்டிகள் என் வாலைக் கடித்துச் சப்புகின்றன. ஏதாவது வழி காட்டு, போய்விடுகிறேன்."

முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் ஓட்டைத் தட்டுவது வாத்தின் அடிவயிற்றில் பட்டது. அக்காவுக்கு என்ன, சீக்கிரமே அடுத்த ஈற்றும் பெற்றுவிடுவாள் என்று நினைத்தாள். கழுத்தை நீட்டினாள். தான் அடைத்த இறகுப்பஞ்சைத் தானே அலகால் இழுத்துப் போட்டாள்.

வளைக்குள் வெளிச்சம் விழுந்ததும் குட்டைவாலி கேட்டாள்: "நரி போய்விட்டதா, தங்கச்சி?"

நரி தோண்டினாள்.

குஞ்சுகள் பொரிந்தன. வாத்து அவற்றைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போனாள். தோண்டிக் கிடந்த பள்ளத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனாள்.

மறு கோடையில் வந்தபோது மேட்டில் சத்தமே இல்லை. வாசல் இருந்த இடத்தில் இறகுப்பஞ்சை வைத்துப் பார்த்தாள். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. முட்டை இட்டாள், மேயப் போனாள். யாரும் கத்தவில்லை. திரும்பி வந்தால், நரி கூட்டில் உட்கார்ந்து முட்டை ஓட்டை நக்கிக்கொண்டிருக்கிறாள்.

"எலியெல்லாம் எங்கே?" என்றாள் வாத்து.

"நீ காட்டிய வாசலில்தான் என் குட்டிகள் பிழைத்தன. பிழைத்ததுகள் சும்மா இருக்குமா? வாசல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டதும் மேடு மேடாகத் தோண்டிவிட்டன. கீழ்வீடு காலி. இனி மேல்வீடுதானே?"

அன்று முதல்தான் வாத்து கூட்டைவிட்டு எழும்போதெல்லாம் தன் மார்பு இறகைப் பிடுங்கித் தன் முட்டையையே மூடிவிட்டுப் போகிறது. காவலுக்கு ஆளில்லை. தப்பிப் பிழைத்த எலிகள் தள்ளி வேறு மேடுகளில் வளை தோண்டிக்கொண்டன. நரி வரும் அதிர்வு இன்றும் அவற்றுக்குத்தான் முதலில் கேட்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகின்றன.

அங்கே எலி நிறைந்திருந்தால் நரி இந்தப் பக்கம் திரும்பாது. அது வாத்துக்கும் தெரியும். அதனால் கோடையில் வந்து இறங்கியதும், கூடு கட்டும் முன்னே, கழுத்தைத் தாழ்த்தி மண்ணில் வாயை வைக்கிறது. மன்னிப்புக் கேட்க அல்ல.

"அக்கா, இந்த வருடம் நிறையப் பிள்ளை பெற்றுவையுங்கள்."