தையற்காரியின் ஆட்டம்

"என்ன தொழில்னு கேட்டா என்ன சொல்றது, உஸ்தா?" என்று கேட்டாள் நஸ்மியே.

இஸ்தான்புல் கோட்டைச் சுவரை ஒட்டிய சுலுகுலே தெருவில் அவள் இடுப்பாட்டக்காரி. வயது நாற்பத்தைந்து. இருபத்திரண்டு வருஷமாக மேடையில் ஆடுகிறவள். அவளுடைய குரு செஹெருக்கு முப்பதுதான். அந்தத் தெருவில் குருவுக்கு வயது பார்ப்பதில்லை. ஒன்பது தட்டுத் தாளத்தைப் பிசகாமல் வாசிக்கிறவரை உஸ்தா என்பார்கள். அவர்தான் குரு.

"யாரு கேக்கப்போறாங்க, அக்கா?"

"மாப்பிள்ளையோட அம்மா, பெஹிஜே. நீதிபதி பெண்டாட்டி. மாப்பிள்ளை என் கையைப் பிடிச்சிக் கெஞ்சறான். நான் தையற்காரின்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கானாம். ஆட்டக்காரின்னு தெரிஞ்சா கல்யாணம் நின்னுபோகுமாம். என் பொண்ணு குல்தென் ரெண்டு நாளா சாப்பிடலை."

செஹெர் தர்புகா மேளத்தின் தோலைக் கணப்பருகே காட்டி முறுக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

"என் கொள்ளுப்பாட்டி சுல்தான் மகள் கல்யாணத்துல ஏழு நாள் ஆடினவ. தங்கம் வாரி எறிஞ்சாங்களாம். சுல்தான்கள் போய் நாப்பது வருஷம் ஆச்சு. இப்ப நான் ஊசி நூலைப் பிடிக்கணுமா?" என்றாள் நஸ்மியே.

"பிடிங்க."

நஸ்மியேவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொய்யை முழுசாச் சொல்லணும், அக்கா. நாளைக்கு மணப்பெண் குளியல்ல தையற்காரி மாதிரியே ஆடுங்க."

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வீட்டுப் பெண்களும் மணப்பெண்ணைப் பொதுக் குளியலறைக்குக் கூட்டிப்போய், நீராட்டி, ஆடிப்பாடுவது ஊர் வழக்கம். ஆண்கள் எட்டிப் பார்க்க முடியாது. மேளத்துக்கு செஹெரை அமர்த்தியிருந்தார்கள்.

மறுநாள் குளியலறையில் முதலில் ஆட எழுந்தது யார் என்கிறீர்கள்? நீதிபதியின் மனைவிதான்.

இடுப்பில் துண்டை இறுக்கினாள். மரச்செருப்பை உதறினாள். வயிற்றைக் குலுக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள், பாருங்கள், பளிங்குத் தரையில் நின்ற தண்ணீரெல்லாம் தெறித்தது. நாத்தனார்களும் ஓரகத்திகளும் செப்புக் கிண்ணங்களில் தாளம் போட்டார்கள். எழுபது வயது அத்தைகூட உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பை வெட்டினாள்.

"வாங்க சம்பந்தி!" என்று பெஹிஜே கையைப் பிடித்து இழுத்தாள்.

நஸ்மியே தையற்காரியாக ஆடினாள். அதாவது, உலக்கை மாதிரி நின்று தோளை மட்டும் இரண்டு தரம் அசைத்தாள். குல்தென் தலையைக் குனிந்துகொண்டாள்.

கிண்ணங்கள் ஓய்ந்தன.

"என்ன சம்பந்தி இது?" பெஹிஜேவுக்கு முகமே மாறிப்போனது. "பெத்த பொண்ணோட குளியல்ல இப்படியா நிப்பாங்க? என் கல்யாணத்துல எங்க அம்மா ஆடினாங்க. அவங்க கல்யாணத்துல அவங்க அம்மா ஆடினாங்க. இடுப்பே அசையாத வீட்ல போய் பொண்ணு எடுத்தாங்கன்னு ஊர் சிரிக்காதா?"

நஸ்மியே குருவைப் பார்த்தாள்.

செஹெர் யாரையும் பார்க்கவில்லை. ஒன்பது தட்டுத் தாளத்தைத் தொடங்கினாள்.

நஸ்மியே மரச்செருப்பைக் கழற்றினாள்.

அப்புறம் அவள் ஆடியதைச் சொல்லி மாளாது. தோள் அசையவில்லை. தலை அசையவில்லை. வயிறு மட்டும் ஒன்பது தட்டையும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. அவளுக்கு அப்படி ஒரு கர்வம். கொள்ளுப்பாட்டி ஏழு நாள் ஆடியதைப் பேத்தியின் மகள் ஏழு நிமிஷத்தில் ஆடி முடித்தாள். குனிந்த தலையை நிமிர்த்தி முதலில் கை தட்டியவள் குல்தென்.

பெஹிஜே வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"ஊசி பிடிக்கிற உங்களுக்கு இது எங்கேர்ந்து வந்தது, சம்பந்தி?"

"நான் ஊசியைப் பிடிச்சதே இல்லை. நான் ஆட்டக்காரி. இருபத்திரண்டு வருஷமா மேடையில ஆடறேன். என் அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி எல்லாருமே ஆட்டக்காரிங்கதான்."

செஹெரின் கை நின்றது. குல்தென் அம்மாவின் விரலைப் பற்றிக்கொண்டாள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பெஹிஜே அவளை உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள்.

பிறகு, நழுவியிருந்த துண்டை இடுப்பில் மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"கடைசியில ஒரு அடி வெச்சீங்களே," என்றாள். "அதைக் கொஞ்சம் மெதுவா காட்டுங்க, உஸ்தா."