மயிலைக்காளையின் கண்கட்டு

கதை கேட்க வந்தவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது பயமுறுத்துகிற கதை. பயந்தால் தப்பில்லை, பாதியில் தூங்கினால்தான் தப்பு.

மன்னர்கள் யானைமேல் ஏறி ஊர் பார்த்த காலம் அது. மண்ணாங்குறிச்சி என்ற ஊருக்கு ஒரு பூதம் வந்து சேர்ந்தது. அது ஆடு கேட்கவில்லை, கோழி கேட்கவில்லை, ஆளையும் விழுங்கவில்லை. மனிதக் கண்ணில் இருக்கும் பார்வையைத்தான் தின்றது. அதுவும் எல்லார் பார்வையையும் அல்ல. திறந்திருந்தும் பார்க்காத கண் எதுவோ அது தனக்கு என்று வரம் வாங்கிக்கொண்டு வந்திருந்தது.

இருட்டில் வருகிற பூதமாக இருந்தால் விளக்கேற்றி வைக்கலாம். இது உச்சிவெயிலில் வந்தது. அவரவர் நிழல் அவரவர் காலடியில் ஒடுங்கும் நேரத்தில் காக்கைகள் சட்டென்று வாயடைக்கும். தீய்ந்த எண்ணெய் நாற்றம் வீசும். அப்புறம் அது எதிரே நிற்கும். மூன்று கேள்வி கேட்கும். காசியைப் பற்றியோ கடலைப் பற்றியோ அல்ல, அவரவர் அன்றாடம் புழங்குவதைப் பற்றி. ஒன்றுக்குத் தவறினாலும் பார்வை போய்விடும்.

முதலில் கோட்டைக் காவல்காரனைப் பிடித்தது. அவன் காலமெல்லாம் சாய்ந்து நின்ற கதவில் எந்தக் குமிழ் உடைந்திருக்கிறது என்று கேட்டது. அவனுக்குத் தெரியவில்லை. அடுத்துக் கோயில் மணியக்காரரைப் பிடித்தது. அவர் தினமும் தாண்டுகிற படியில் என்ன செதுக்கியிருக்கிறது என்று கேட்டது. அவருக்கும் தெரியவில்லை. பிறகு பூக்காரி ஒருத்தியிடம், அவள் பெற்ற மகளுக்கு மச்சம் எந்தக் கன்னத்தில் என்று கேட்டது. பாவம், அவள் வலது என்றாள், மச்சம் இருந்தது இடதில். மூன்று பேருக்கும் விழிகள் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன, பார்வைதான் இல்லை.

அந்த ஊரில் ஆவுடையான் என்றொருவன் கல்செக்கு வைத்து எள் ஆட்டி வந்தான். காலையில் அவன் மனைவி சிலம்பாயி கண்கட்டுத் துணியை எடுத்து நீட்டுவாள். அவன் வாங்கி, செக்கில் பூட்டிய சாம்பல் நிற மயிலைக்காளையின் கண்ணைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவான். சுற்றிச் சுற்றி வருகிற மாட்டுக்குத் தலை கிறுகிறுக்கக் கூடாது என்று செக்கு வைத்திருப்பவர்கள் அப்படிக் கட்டுவது வழக்கம். பிறகு செக்குக் கட்டையில் ஏறி உட்கார்ந்துவிடுவான். மாடு சுற்றும், இவனும் சுற்றுவான். மாட்டுக்குக் கண்ணைக் கட்ட வேண்டியிருந்தது. இவனுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

ஊரில் கண் போனவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தார் சொன்னபோது ஆவுடையான் சிரித்தான். "என் முற்றம் எனக்குத் தெரியாதா? நான் பிறந்து தவழ்ந்த மண்" என்றான். வாய்க்கொழுப்பு சீலையில் வடிந்தது என்பார்களே, அந்தக் கதைதான்.

மறுநாள் உச்சியில் காக்கைகள் வாயடைத்தன. மாடு நின்றுவிட்டது. செக்கிலிருந்து நல்ல எண்ணெய் வாசம் வர வேண்டிய இடத்தில் தீய்ந்த வாசம் வந்தது. ஆவுடையான் நிமிர்ந்து பார்த்தான். பனைமரம் போல ஒன்று நின்றது, அதற்கு நிழலே இல்லை.

"கேட்கட்டுமா?" என்றது பூதம்.

ஆவுடையான் கட்டையிலிருந்து விழுந்து கும்பிட்டான். செக்கில் கிடப்பது அம்மன் விளக்குக்கு நேர்ந்த எள் என்றும், ஆட்டி முடிக்க விடும்படியும் நாக்குழறக் கெஞ்சினான். அம்மன் விளக்குக்குப் போகும் எண்ணெயைத் தடுக்கப் பூதத்துக்கு வரம் இல்லை. நாளை உச்சிக்கு வருவதாகச் சொன்னது. அதற்குள் விடை தேடி யாரிடமாவது வாய் திறந்து கேட்டால், கேட்கப்பட்டவர் பார்வையையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மறைந்தது.

எண்ணெய் வடிந்து முடிந்ததும் அவன் கண்கட்டை அவிழ்த்துக் கொடியில் எறிந்தான். முற்றத்தைப் பார்க்கத் தொடங்கினான். பயம் பிடரியில் உட்கார்ந்து தள்ளத் தள்ள, ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

செக்கு உரலின் விளிம்பு தென்பக்கம் விரலளவு சில்லு விட்டிருந்தது. அவன் பார்த்ததே இல்லை. கூரையின் தாழ்ந்த விளிம்பான இறவாணத்தில் குருவி குஞ்சு பொரித்து, அது பறந்துபோய், கூடு காலியாகக் கிடந்தது. அதையும் அவன் பார்த்ததில்லை. மாடு சுற்றிச் சுற்றித் தேய்ந்த தடத்தில் ஒரு குளம்படி மட்டும் ஆழமில்லாமல் இருந்தது. குனிந்து மாட்டின் இடது பின்னங்காலைத் தூக்கினான். உள்ளே கருவேல முள் ஒடிந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. எத்தனை நாளாக அந்த வாயில்லாச் சீவன் அந்தக் காலோடு அவனையும் சுமந்து சுற்றியதோ. முள்ளைப் பிடுங்கினான்.

சிலம்பாயி வந்து பார்த்தாள். "ஏங்க, சுவத்தையும் தரையையும் இப்படி முறைச்சுப் பாக்குறீங்க, மேலுக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டாள். அவளைப் பார்த்தால் எங்கே வாய் திறந்துவிடுவோமோ, அவள் பார்வையும் போய்விடுமோ என்று பயந்து, அவள் பக்கம் மட்டும் திரும்பாமலே இருந்தான்.

விடிந்தது. அவள் வழக்கம்போலக் கண்கட்டை நீட்டினாள். அவன் ஓட்டில் எத்தனை விரிசல் என்று அண்ணாந்து பார்த்தபடியே அதை வாங்கினான், பார்த்தபடியே மாட்டுக்குக் கட்டினான்.

உச்சி வந்தது. காக்கைகள் வாயடைத்தன.

பூதம் பேச்சை வளர்க்கவில்லை. பின்னால் வந்து நின்று, தன் உள்ளங்கையை அவன் இரண்டு கண்ணின் மீதும் வைத்தது. அந்த வெயிலில் அந்தக் கை கிணற்றடிக் கல்லைப் போலக் குளிர்ந்தது. உலகம் இருண்டது. இனி இப்படித்தானோ என்று நினைத்தான்.

உரல் எங்கே உடைந்திருக்கிறது என்று கேட்டது. தென்விளிம்பில், விரலளவு என்றான். குளிர் கொஞ்சம் குறைந்தது.

மாடு எந்தக் காலைப் பதித்து வைப்பதில்லை என்று கேட்டது. இடது பின்னங்கால் என்றான். முள்ளை எடுத்துவிட்டதையும் சொன்னான்.

பிறகு அவன் காதோரம் குனிந்தது. "மாட்டின் கண்ணைக் கட்டியிருக்கிறாயே, அது என்ன துணி?"

ஆவுடையான் கூரையைப் பார்த்தான், ஓட்டைப் பார்த்தான், எறும்புப் புற்றைக்கூட விடாமல் பார்த்தான். கையில் பிடித்ததைப் பார்க்கவில்லை. வெள்ளையா, பச்சையா? சாக்கா, வேட்டியா? இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. பூதத்தின் விரல்கள் இமைக்குள் அழுந்தத் தொடங்கின.

அவன் கண்ணுக்குத் தெரியாதது அவன் கைக்குத் தெரிந்திருந்தது. பயத்தில் விரல்கள் தாமாகவே காற்றில் முடிச்சுப் போட்டன. போடும்போது நினைவு வந்தது. ஓரத்தில் மணிமணியாகத் தடிக்கும். உருத்திராட்சக் கரை. முனையில் ஓர் இடம் மட்டும் சுருங்கி விறைத்திருக்கும். என்றோ மஞ்சள் வைத்து முடிந்த இடம். அந்த முனையை இதே விரல்கள் ஒருநாள், மேளம் கொட்ட, தன் அங்கவஸ்திரத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தன.

"கூறைப்புடவை" என்றான் ஆவுடையான். "அவளோட கூறைப்புடவை. முந்தானை."

சொன்னவுடன் அழுதுவிட்டான். பயத்தில் அழுதானா, வேறெதற்காகவோ அழுதானா என்று கேட்காதீர்கள், அவனுக்கே தெரியாது. உள்ளங்கை நனைந்ததும் பூதம் நெருப்பைத் தொட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டது. ஈரமான கண் தனக்கு ஆகாது என்று முனகியது. அடுத்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நடந்தது. காவல்காரனுக்கும் மணியக்காரருக்கும் பூக்காரிக்கும் போன பார்வை போனதுதான்.

ஆவுடையான் மாட்டின் கண்கட்டை அவிழ்த்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான். சிலம்பாயியைப் பார்த்தான். தோடில்லாமல் காது மூளியாக இருந்தது, நெற்றியோரம் நரைத்திருந்தது, உடுத்தியிருந்த சேலையில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டிருந்தது. கையிலிருந்த கண்கட்டைக் காட்டி, இதை எப்போது கிழித்தாய் என்று கேட்டான்.

"எள்ளு விளையாத வருசம். மாட்டுக்குக் கண்கட்டு இல்லேன்னு சத்தம் போட்டீங்க. வீட்டுல வேற துணி இல்லை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சிலம்பாயி."

அவள் கோபப்படவில்லை. அடுப்பில் சுள்ளியைத் தள்ளியபடி சொன்னாள். "தினம் என் கையிலிருந்துதானே வாங்கிக் கட்டுனீங்க?"

அந்தத் துணியை அவன் அப்புறம் மாட்டுக்குக் கட்டவில்லை. தன் வேட்டியைக் கிழித்துக் கண்கட்டு தைத்தான். ஆனால் உச்சிவெயிலில் காக்கைகள் சற்று ஓய்ந்தால் போதும். உடனே திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பான்.

அந்தப் பூதம் செத்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. ஆகவே வீட்டுக்குப் போனதும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள்: தினமும் கையில் படுவதைக் கண்ணால் காணாதவன், கண் இருந்தும் குருடன்.